மிதிக்கும்போதா, விடும்போதா

பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரம்மா என்றால் டாக்ஸி நிறுத்தத்து டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மூடியைத் திறக்கச் சொல்ல மாட்டாள். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். கிழிசல் துணியில் கையைத் துடைத்தபடி தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பாள். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. "தண்ணி பம்ப் பேரிங். இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள வந்துடுங்க." சொன்னால் சொன்னதுதான். அவள் பேச்சைக் கேட்காமல் போனவர்கள் எட்டாம் நாள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்தக் காது அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டினாள். கொடுத்த வேன் கிழடு. நடுவழியில் படுத்துக்கொண்டால் ரொட்டி காய்ந்துபோகும், கடைக்காரர்கள் எல்லோரிடமும் வசவு வாங்க வேண்டும். ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் படுத்ததில்லை. இரண்டு நாள் முன்பே எங்காவது முனகும். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டால் பிழைப்பு ஓடும் என்று கண்டுகொண்டாள். பிறகு பஸ் டிப்போவில் ஒன்பது வருடம், பஸ்ஸுக்கு அடியில் நின்று பழுது பார்க்கும் குழிக்குள் இறங்கிய ஒரே பெண்பிள்ளை. அங்கே கடைசல் வேலை செய்தவரையே கட்டிக்கொண்டாள். இருவரும் டிப்போவை விட்டு வெளியே வந்து, பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து நடுவில் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் அவளுடைய பட்டறை, அந்தப் பக்கம் அவருடைய லேத்து. சுவர் வைத்த மூன்றாம் நாளே, ஒவ்வொரு தடவையும் தெருவைச் சுற்றி வர முடியாது என்று சொல்லி அவளே அதில் ஒரு வழி இடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் இருபது வருடம் ஓடிவிட்டது. அவளுக்கு ஐம்பத்து நான்கு ஆனது.

போன வருடம் ஒரு காலையில் அடுப்படியில் கெட்டில் விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "விசில் கெட்டுப்போச்சு போல. வேற வாங்கணும்" என்றாள் அவள். வேறு கெட்டில் வாங்கினார்கள். அதுவும் ஊமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு டாக்ஸி திரும்பி வந்தது. பெல்ட் கீச்சிடுகிறது என்று டிரைவர் சொல்ல, அவள் காது கொடுத்துப் பார்த்து "ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பியிருந்தாள். மறுநாள் பெல்ட் அறுந்தது. இன்னொரு வண்டிக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பேரிங்கை மாற்றினாள்; அதில் இரண்டு நன்றாகவே இருந்தன. கழற்றிய பேரிங்குகளை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. உறுமல், தடதடப்பு எல்லாம் முன்போலவே கேட்டது. கீச்சு, சிணுங்கல், ஊசி மாதிரி வரும் சத்தங்கள்தான் இல்லை. யாரோ மேல் வரிசையை மட்டும் அழித்துவிட்டுப் போனது மாதிரி. காதுக்காரம்மாவுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார்.

அறுபதை நெருங்கும் அம்மாள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது முப்பத்தாறு வருடத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருந்த அதிலிருந்து டாக்டர் இறங்கியதைப் பார்த்தால் கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி இருந்தது.

"நாலு மாசத்துல ரெண்டு தடவை கிளட்ச் பிளேட் மாத்தியாச்சு" என்றார். "அதோட சேர்ந்து அந்த பேரிங்கும். ரெண்டு பட்டறை பார்த்தாச்சு. மூணாவது ஆளு வித்துடுங்கன்னு சொல்லிட்டாரு. கிளட்ச்ல கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். வண்டி சூடானா சிக்னல்ல நிக்கும்போது பெடல் தானா உள்ள போகுது. ரிவர்ஸ் போட்டா பல்லை நறநறன்னு கடிக்குது. நான் பாக்குற தொழில்ல அந்தச் சத்தத்தை மட்டும் கேக்கவே முடியாதும்மா."

அவள் சிரித்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். பிடித்திருந்தது. "ஏறி உக்காருங்க டாக்டர். ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உறுமியது. அது நன்றாகக் கேட்டது. அவள் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து நின்றாள். உறுமலுக்கு மேலே எதுவும் இல்லை. டாக்டர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டும் போனது. சும்மா நிற்க முடியாமல் அவள் தலையை ஆட்டினாள்.

"கேக்குது, கேக்குது. ரிலீஸ் பேரிங்தான்."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "இன்னும் சத்தமே வரலையேம்மா. நான் இன்னும் பெடல்ல இருந்து காலை எடுக்கவே இல்லையே."

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. என்ன சொன்னோம் என்று தெரியாமல் ஏதோ சொன்னாள். வண்டி இங்கே இருக்கட்டும், நாளைக்கு வாருங்கள், நிதானமாகப் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி. டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு நொடி நின்று, பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவள் சுவரில் இடித்த வழியாக அந்தப் பக்கம் போனாள். கணவர் ஏதோ ஒரு தண்டைக் கடைந்துகொண்டிருந்தார். லேத்தை நிறுத்தினார்.

"அந்தப் பச்சை வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றாள்.

"ஏன்?"

"பார்ட்ஸ் கிடைக்காது."

"பார்ட்ஸ் கிடைக்காத வண்டிக்குத்தானே நான் இங்க லேத்தப் போட்டு உக்காந்திருக்கேன்."

அவள் இரும்புச் சுருள்கள் மேல் பார்வையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்குக் காது சரியா கேக்கலைங்க."

"தெரியும். எட்டு மாசமா தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. உனக்குக் கேக்கல."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கையிலிருந்த துணியை அவர் மேல் எறிந்தாள். எறிந்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு கண்ணீரும். அவர் வேலை மேடைக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உன் காதை நம்பி நான் உன்னைக் கட்டலை" என்றார். "அந்தக் குழிக்குள்ள இறங்கி, அத்தனை ஆம்பளைங்களும் பேரிங்குன்னு சொன்னப்போ, 'எங்க, காட்டுங்க பாக்கலாம்'னு நின்னியே, அந்தப் பிடிவாதத்தைப் பாத்துக் கட்டினேன். டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. போனா போகட்டும்."

அன்று மாலை கதவை இழுத்துப் பூட்டும்போதுதான் அது மண்டையில் தட்டியது. *நான் இன்னும் பெடல்ல இருந்து காலை எடுக்கவே இல்லையே.* கூனிக் குறுகி நின்றதில் அந்த வார்த்தை காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. அப்படியென்றால் சத்தம் வருவது காலை எடுத்த பிறகு! மிதிக்கிறபோது கிளட்சைத் தள்ளி விலக்குவது ரிலீஸ் பேரிங்; அது கெட்டிருந்தால் மிதிக்கும்போதல்லவா கத்தும்? பாரம் விழும்போது கத்தாமல் சும்மா இருக்கும்போது கத்துகிற பேரிங் எங்கே இருக்கிறது? இரண்டு பட்டறைக்காரர்களும் கிளட்சில் சத்தம் என்றதும் பேரிங் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். நேற்றுவரை அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இன்று காலை சொல்லியும்விட்டாள்.

மறுநாள் டாக்டர் வந்ததும் அவரை உட்காரவைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். "டாக்டர், நேத்து நான் சொன்னது பொய். எனக்கு மெல்லிய சத்தம் எதுவும் இப்ப கேக்கறதில்ல. வேற இடத்துக்குப் போறதுன்னா போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

டாக்டர் திடுக்கிட்ட மாதிரித் தெரியவில்லை. "நேத்தே நினைச்சேன்" என்றார். "ஒண்ணு கேக்கட்டுமா? முப்பத்து மூணு வருஷமா நான் பல்லு பாக்குறேன். ஒருத்தரோட பல்வலியாவது எனக்கு வலிச்சிருக்கா?"

"அது எப்படி வலிக்கும்?"

"அதான். வலி அவங்களுக்கு, கேள்வி எனக்கு. சூடு பட்டா வலிக்குதா, குளிர் பட்டா வலிக்குதா? கடிக்கும்போது வலிக்குதா, கடிச்சுட்டு விடும்போது வலிக்குதா? விடும்போது சுரீர்னா பல்லுல விரிசல். படத்துல கூடத் தெரியாது, அந்தக் கேள்வியில தெரிஞ்சிடும். எனக்குக் காது நல்லா இருக்கு. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

அவள் எழுந்து, வண்டியைக் குழிமேல் ஏற்றினாள்.

"நியூட்ரல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. காலை முழுசா எடுத்துடுங்க. இப்ப?"

"கீச்சு கீச்சுன்னு குருவி மாதிரி."

"பெடல் மேல காலை வைங்க. மிதிக்க வேண்டாம், சும்மா வைங்க."

"நின்னுடுச்சு."

"பாதி மிதிங்க."

"ஒண்ணுமில்ல."

"முழுசா. அப்படியே பிடிங்க. உறுமுதா? கரகரப்பு இருக்கா?"

"ம்ஹூம். அமைதியா இருக்கு."

கியர்பாக்ஸ் பேரிங்காக இருந்தால் சும்மா காலை வைத்ததற்கே நிற்காது. முழுதும் மிதித்தால்தான் நிற்கும். ரிலீஸ் பேரிங்காக இருந்தால் மிதிக்க மிதிக்க அழும். இது இரண்டும் இல்லை. தொட்டால் அடங்குகிறது, விட்டால் ஆடுகிறது. எங்கோ ஒன்று தன் இடத்தில் ஒழுங்காக உட்காராமல் தளர்ந்து கிடக்கிறது.

அவள் குழியில் இறங்கினாள். ரப்பர் உறையை நீக்கினால், பேரிங்கைத் தள்ளுகிற கவை போன்ற இரும்பின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழக்கதோஷத்தில் நீண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கிளட்சை மூடியிருக்கும் கூட்டின் மேல் வைத்து, காதுக்குப் பதில் அதன் பிடியைப் பல்லில் கடித்தாள். அதிர்வாவது தெரியுமா என்று பார்க்க.

மேலே கதவைத் திறந்து குழிக்குள் குனிந்து எட்டிப் பார்த்த டாக்டர் அலறினார். "அதை மட்டும் கடிக்காதீங்க! ஒரு பல்லு தெறிச்சாலும் நாளைக்கு நான்தான் உக்காந்து பாக்கணும்!"

அவள் துப்பிவிட்டுச் சிரித்தாள். கவையின் வாலை விரலால் இலேசாக அழுத்தினாள். "இப்ப? பெடலைத் தொடாதீங்க."

"நின்னுடுச்சு!"

விட்டாள். "இப்ப?"

"வந்துடுச்சு. அய்யோ, மறுபடி அழுத்துங்க. ஆமா, நின்னுடுச்சு. என்னம்மா பண்றீங்க கீழ?"

கவை உட்கார்ந்து ஆடும் உருண்டைமுனை ஒன்று உள்ளே உண்டு. அதுதான் தேய்ந்திருக்க வேண்டும். அவள் குழியிலிருந்து ஏறி வந்தாள். அடுத்த கேள்வி அதுவாகவே வந்தது. "டாக்டர், இந்தச் சத்தம் தாங்காம ஓட்டும்போது பெடல் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவீங்களா?"

டாக்டர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். "எப்பவுமே. காலை வச்சா நின்னுடுதேன்னு."

"அதான் ரெண்டு கிளட்ச் போயிருக்கு. கால் பட்டுக்கிட்டே இருந்தா பிளேட் வழுக்கித் தேஞ்சுடும்."

"இதை யாருமே என்கிட்ட கேக்கலையே!"

"நானும் நேத்து கேக்கலை" என்றாள் அவள்.

இனி பெடல் தானாக இறங்குவது. டாக்டர் அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் ஒரே அழுத்தமாகப் பிடித்துக் காத்திருந்தாள். கெட்டியாக நின்ற பெடல், மணல் கடிகாரம் மாதிரி மெல்ல மெல்ல உள்ளே போனது. ஆனால் கிளட்சைத் தள்ளுகிற ஆயில் இருக்கும் டப்பாவில் அளவு குறையவில்லை. கால் வைக்கும் விரிப்பைப் புரட்டினாள், காய்ந்திருந்தது. கீழே போய்ச் சின்ன சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்த்தாள், அங்கேயும் ஈரமில்லை. வெளியே சிந்தவில்லை என்றால் உள்ளுக்குள்ளேயே ரப்பர் சீலைத் தாண்டித் திரும்பி ஓடுகிறது. பெடலுக்குப் பின்னாலிருக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினாள். சீல் புத்தம் புதுசு. முந்தின பட்டறையில் மாற்றியிருந்தார்கள். சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கண்ணை மூடித் தடவினாள். சுவரில் ஓரிடத்தில் நகம் தடுக்கியது. மயிரிழைப் பள்ளம். ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி போட்ட கதை. ஆயில் இப்படி அழுத்தம் விட்டுப்போவதால் கிளட்ச் முழுதும் விலகுவதில்லை. அதனால்தான் ரிவர்ஸ் கடிக்கிறது.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினாள். அவள் கணித்தபடியே உருண்டைமுனையின் ஒரு பக்கம் மழுங்கித் தட்டையாகியிருந்தது. எண்ணெய்ப் பசையே இல்லை. அதைக் கொண்டுபோய்க் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். கூடவே சிலிண்டரையும்.

"இது கடையில கிடைக்காது" என்றாள்.

"தெரியும். அதுக்குத்தானே நான்" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

உருண்டையைக் கெட்டி எஃகில் கடைந்து, காய்ச்சி முறுக்கேற்றிக் கொடுத்தார். சிலிண்டருக்கு உள்ளே சற்றுக் குடைந்து மெல்லிய பித்தளை உறை ஒன்றை இறக்கினார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் செய்த உறை ஒரு முடியளவு பெரிதாகிவிட, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பவும் செய்தார். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அவள் டாக்டர் எழுதிக்கொடுத்த முகவரிக்குப் போனாள். பல் மருத்துவமனைக்கு இரண்டு மாடி மேலே காது வைத்தியர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காததற்கெல்லாம் அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அழுத்தவில்லை. டிப்போவின் இரைச்சலும் வயதும் சேர்ந்து மேல் சத்தங்களைத் தின்றுவிட்டன, போனது திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், கருவி மாட்டினால் போனதிலும் கொஞ்சம் கிடைக்கும் என்றார் வைத்தியர். கருவி வர இரண்டு வாரம் ஆகும். வேலை நேரத்தில் காதடைப்பான் கட்டாயம் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாம் பூட்டிய பிறகு டாக்டர் சாவியை வாங்க மறுத்தார். "சூடானாத்தான் கோளாறு வரும். ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் நல்லா நீளமா ஓட்டிப் பாத்துட்டுக் கொடுங்க."

அப்படித்தான் ஞாயிறு மதியம், நல்ல வெயிலில், இரண்டு பேரும் அதில் ஏறினார்கள். கணவர் நெட்டை. முழங்காலை மடித்து மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. "இதுக்குக் காருன்னு பேரா, காலணின்னு பேரா?" என்றார். அவள் வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் விட்டாள். கியர் ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. இடது காலைப் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றியே வைத்திருந்தாள். பதினெட்டு மைல் ஏறி இறங்கினார்கள். திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னே ஒரு லாரி, பின்னே வரிசை.

அவள் முதல் கியரைப் போட்டு, பெடலை முழுதும் மிதித்துப் பிடித்தாள். இப்படி யாரும் நிற்கக் கூடாது, சோதிப்பதற்காகத்தான். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. காலுக்கடியில் ஏதாவது நழுவுகிறதா என்று பாதத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. தொடை வலித்தது. பெடல் பாறை மாதிரி நின்றது.

"சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று கேட்டாள்.

"எனக்கா? நானே அரைச் செவிடு. முப்பது வருஷமா லேத்துக்குப் பக்கத்துல நிக்குறேன்."

"நிஜமாவா? அப்ப நீங்களும் அந்தக் காது டாக்டர்கிட்ட வாங்க."

"நான் எதுக்கு? எனக்கு நீ சொல்றது கேக்குது. அதுவே அதிகம்."

அவள் அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். ரயில் வந்தது. அதன் இரைச்சல் நெஞ்சுக்குள் வரை வந்து அதிர்ந்து போனது. கேட் தூக்கியதும் லாரி புகை கக்கிக்கொண்டு நகர்ந்தது. அவள் காலை மெல்ல விட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டியது.

திங்கட்கிழமை டாக்டர் வந்து, தெருவில் மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை தேவையே இல்லை, ஆசைக்கு எடுத்தது. போகும்போது அவள் ஜன்னலில் குனிந்து, "கால் எங்க இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சட்டென்று பெடலிலிருந்து காலைத் தரைக்கு இறக்கினார். பழக்கம் போக ஒரு மாதமானது.

கருவி வந்தபோது முதல் வாரம் அவளுக்குத் தலைவலிதான் மிஞ்சியது. காகிதம் கசங்குவது கூட மண்டைக்குள் கேட்டது. பட்டறையில் பாதி நேரம் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவைத்தாள். வந்து நிற்கிற டிரைவர்களிடம் மறைக்காமல் சொன்னாள்: "எனக்குக் கீச்சு கேக்காது. எப்ப வருது, எப்ப நிக்குது, நீங்கதான் சொல்லணும்." ஒன்றிரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். முன்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது இப்போது கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் டிரைவர்கள் சொல்லத் தொடங்கினால் சத்தத்தோடு நிறுத்துவதில்லை: எந்த ரோட்டில் ஓட்டுகிறார்கள், எவ்வளவு ஏற்றுகிறார்கள், எந்த முழங்கால் வலிக்கிறது என்பதுவரை வந்துவிடும். அதில் பாதிக்குமேல் வண்டியின் கோளாறுக்குச் சம்பந்தம் இருக்கிறது என்கிறாள் அவள்.